கைநாட்டு வைக்கும் முன்னே

மரத்தடியில் ஒரு காகிதம்

சித்தூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். ஊர் நடுவே பெரிய வேப்பமரம். மரத்தைச் சுற்றிக் கல் மேடை. ஊரார் அதை ரச்சபண்டா என்பார்கள். ஊர்ப் பஞ்சாயத்து அங்கேதான் கூடும்.

அன்று மேடையில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே ஒரு பெண் நின்றாள். அவளுக்கு ஏழு வயதில் ஒரு மகன். கணவன் வீட்டை விட்டுப் போய் மூன்று ஆண்டு ஆகிறது. வேறு ஊரில் வேறு ஒரு பெண்ணோடு குடித்தனம் நடத்துகிறான். வீட்டுக்குப் பணம் அனுப்புவதில்லை.

ஒரு பெரியவர் முத்திரைத் தாளை நீட்டினார்.

"பேசி முடித்துவிட்டோம் அம்மா. ஐம்பதாயிரம் ரூபாய் தருகிறார்கள். இதில் கைநாட்டு வை. இன்றோடு விவகாரம் தீர்ந்தது."

"நான் கையெழுத்தே போடுவேன் பெரியப்பா. ஆனால் முதலில் படித்துப் பார்க்கிறேன்" என்றாள் அவள்.

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, மெதுவாகப் படித்தாள். தாளில் மூன்று செய்திகள் இருந்தன.

ஒன்று: "இன்று முதல் எங்கள் திருமணம் முடிந்துவிட்டது."

இரண்டு: "நாங்கள் இருவரும் மனம் ஒத்துப் பிரிந்து வாழ்கிறோம்."

மூன்று: "இனி ஜீவனாம்சமோ வேறு பாத்தியமோ கேட்க மாட்டேன்."

அவள் தாளை மடித்தாள்.

"இரண்டு நாள் தவணை கொடுங்கள் பெரியப்பா. விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுவிட்டு வருகிறேன்."

மறுநாள் காலை. இரவு வகுப்பு நடத்தும் அக்காவும் அவளும் சித்தூருக்குப் பஸ் ஏறினார்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்குப் போனார்கள். அங்கே சட்ட உதவி அலுவலகம் இருக்கிறது. ஒரு வக்கீலம்மா தாளை வாங்கிப் படித்தார்.

"நல்ல வேளை, நீ கைநாட்டு வைக்கவில்லை" என்றார்.

வக்கீலம்மா ஏன் அப்படிச் சொன்னார்? மூன்று செய்திகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.


முதல் செய்தி: திருமணம் முடிந்துவிட்டதா?

முடியவில்லை. இந்து திருமணச் சட்டத்தின்படி நடந்த திருமணத்தை முத்திரைத் தாள் முடிக்காது. நோட்டரி முத்திரை குத்தினாலும் முடிக்காது. பஞ்சாயத்துப் பெரியவர்கள் சமாதானம் பேசலாம். சேர்த்து வைக்கப் பார்க்கலாம். விவாகரத்து கொடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. நீதிமன்றம் தரும் தீர்ப்பாணைதான் விவாகரத்து. அதைத் தெலுங்கில் விடாகுலு என்கிறோம்.

இதற்கு விலக்கு உண்டு. சில சாதிகளில் பழங்காலம் தொட்டே பெரியவர்கள் முன்னால் அறுத்துவிடும் வழக்கம் இருக்கிறது. அந்த வழக்கத்தைச் சட்டம் ஒதுக்கவில்லை. ஆனால் வழக்கு வந்தால், அந்த வழக்கம் உண்டு என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும். வெறுமனே "எங்கள் சாதி வழக்கம்" என்று சொன்னால் போதாது.

பழங்குடி மக்களுக்கு இந்து திருமணச் சட்டம் நேராகப் பொருந்தாது. ஏனாதி, எருக்கலர், சுகாலி மக்கள் இதில் வருவார்கள். அவர்களுக்கு அவர்களுடைய வழக்கமே சட்டம்.

தீர்ப்பாணை இல்லாமல் மறு திருமணம் செய்தால் என்ன ஆகும்? அந்த இரண்டாவது திருமணம் செல்லாது. அது குற்றமும் ஆகும். ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். இது ஆணுக்கும் பொருந்தும். பெண்ணுக்கும் பொருந்தும். தாளை நம்பி மறு திருமணம் செய்துகொண்ட பெண்ணும் சிக்கலில் மாட்டுவாள். ஆகவே முத்திரைத் தாள் இருவரையுமே காப்பாற்றாது.


இரண்டாவது செய்தி: "மனம் ஒத்துப் பிரிந்து வாழ்கிறோம்"

படிக்கும்போது இந்த வரி சாதுவாகத் தெரிகிறது. ஆபத்து இதில்தான் இருக்கிறது.

மனைவி ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போடலாம். ஆனால் இருவரும் மனம் ஒத்துப் பிரிந்து வாழ்ந்தால் ஜீவனாம்சம் கிடையாது என்று அந்தச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. இந்த வரியில் அவள் கைநாட்டு வைத்தால், கணவனின் வக்கீல் நாளைக்கு இதைத்தான் எடுத்துக் காட்டுவார். "அவளே ஒப்புக்கொண்டாள்" என்பார்.

உண்மை என்ன? அவள் மனம் ஒத்துப் பிரியவில்லை. அவன் விட்டுவிட்டுப் போனான். தாளில் பொய் எழுதியிருந்தது. படித்ததால் அது அவளுக்குத் தெரிந்தது.


மூன்றாவது செய்தி: "ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்"

இப்படி எழுதி வாங்குவது பல ஊரிலும் நடக்கிறது. கர்நாடகத்தில் ஒரு மனைவி 8,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, இனி ஜீவனாம்சம் கேட்பதில்லை என்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். பிறகு வேறு ஒரு சட்டத்தின் கீழ் ஜீவனாம்சம் கேட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பழைய ஒப்பந்தம் அவருடைய உரிமையைத் தடுக்காது என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஆனால் அதற்கு அவர் எத்தனை நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது! முதலிலேயே எழுதிக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

இன்னொன்று. பிள்ளைக்கு ஜீவனாம்சம் பெறும் உரிமை பிள்ளையுடையது. அதைத் தாய் எழுதிக் கொடுத்துவிட முடியாது.


இந்த உரிமை எப்போது வந்தது?

பழைய இந்து சட்டத்தில் பொதுவாக விவாகரத்து கிடையாது. கணவன் எத்தனை பெண்களை வேண்டுமானாலும் மணக்கலாம். மனைவிக்கு வெளியே வர வழி இல்லை. வழக்கத்தில் இடம் இருந்த சாதிகளில் மட்டும் அறுத்துக் கட்டினார்கள்.

அப்போது சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தது. 1949-ல் சென்னை மாகாணம் ஒரு சட்டம் போட்டது. இந்து ஆண் இரண்டாவது மனைவி கட்டக் கூடாது என்றது. விவாகரத்தும் கேட்கலாம் என்றது. பம்பாய் மாகாணத்தில் அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1947-ல், விவாகரத்துச் சட்டம் வந்திருந்தது.

1953-ல் ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் அதில் சேர்ந்தது. 1955-ல் இந்து திருமணச் சட்டம் வந்தது. சீக்கியர், பௌத்தர், சமணர் ஆகியோருக்கும் அதுவே பொருந்தும்.

ஆக, நாடு முழுவதற்கும் சட்டம் வருவதற்கு ஆறு ஆண்டு முன்பே சித்தூர்ப் பெண்ணுக்கு இந்த உரிமை வந்துவிட்டது. ஆனால் உரிமை வந்த செய்தி வேப்பமரத்தடிக்கு வந்து சேர வெகு காலம் ஆனது.


வெளியே வர எத்தனை வழிகள்?

வக்கீலம்மா நான்கு வழிகள் சொன்னார்.

1. இருவரும் சேர்ந்து கேட்பது

கணவனும் மனைவியும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடுவார்கள். ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். இந்த வழி 1976-ல் சட்டத்தில் சேர்ந்தது. மனு போட்டபின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். யோசித்துப் பார்க்கத்தான் அந்தக் காலம். தக்க காரணம் இருந்தால் நீதிபதி அதைக் குறைக்கலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பு வரும் முன் ஒருவர் மனம் மாறினால், ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். பணம், நகை, பிள்ளை பற்றிய ஏற்பாட்டை எழுத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

2. ஒருவர் மட்டும் கேட்பது

இதற்குக் காரணம் காட்ட வேண்டும். அதை நிரூபிக்கவும் வேண்டும். முக்கியமான காரணங்கள் இவை.

கொடுமை. அடிப்பது மட்டும் கொடுமை அல்ல. மனத்தை வதைப்பதும் கொடுமைதான்.

கைவிடுதல். தகுந்த காரணம் இல்லாமல் இரண்டு ஆண்டு விட்டுப் போயிருக்க வேண்டும்.

வேறொருவருடன் உறவு.

மதம் மாறுதல். துறவியாகப் போய்விடுதல்.

சேர்ந்து வாழ முடியாத அளவுக்குத் தீராத மனநோய்.

ஏழு ஆண்டாக உயிரோடு இருக்கும் செய்தியே இல்லாமல் போவது.

இந்தக் காரணங்கள் ஆணுக்கும் உண்டு. பெண்ணுக்கும் உண்டு. பெண்ணுக்குத் தனியாகச் சில காரணங்களும் உண்டு. அதில் ஒன்றைக் கவனியுங்கள். மனைவிக்கு ஜீவனாம்சம் கொடு என்று நீதிமன்றம் உத்தரவு போடுகிறது. அதன் பிறகு ஒரு வருடமாகியும் இருவரும் சேர்ந்து வாழவில்லை. அதையே காரணமாகக் காட்டி மனைவி விவாகரத்து கேட்கலாம்.

திருமணம் ஆகி ஒரு வருடத்துக்குள் பொதுவாக விவாகரத்து மனு போட முடியாது. பெரிய துன்பம் இருந்தால் நீதிபதி அனுமதி தரலாம்.

3. நீதிமன்றப் பிரிவு

இது விவாகரத்து அல்ல. திருமணம் இருக்கும். சேர்ந்து வாழ வேண்டிய கட்டாயம் இருக்காது. மறு திருமணம் செய்ய முடியாது. கொஞ்ச காலம் விலகி இருந்து பார்க்க நினைப்பவர்களுக்கு இது உதவும். பிரிவு ஆணைக்குப் பிறகு ஒரு வருடம் சேராமல் இருந்தால், யார் வேண்டுமானாலும் விவாகரத்து கேட்கலாம்.

4. திருமணமே செல்லாது என்று கேட்பது

முதல் மனைவி உயிரோடு இருக்க, விவாகரத்தும் ஆகாமல், இரண்டாவதாக ஒருத்தியைக் கட்டினால் அது செல்லாது. மிரட்டியோ ஏமாற்றியோ சம்மதம் வாங்கியிருந்தால், அந்தத் திருமணத்தை ரத்து செய்யக் கேட்கலாம். உண்மை தெரிந்த ஒரு வருடத்துக்குள் கேட்க வேண்டும்.

சிறு வயதுத் திருமணத்துக்கு 2006-ல் தனிச் சட்டம் வந்தது. 18 வயது நிறையாத பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டார்களா? அவள் அதை ரத்து செய்யக் கேட்கலாம். அவளுக்கு 20 வயது நிறைவதற்குள் கேட்க வேண்டும்.


எந்த ஊர் நீதிமன்றம்?

"அவன் இருக்கும் ஊருக்கு நான் அலைய வேண்டுமா?" என்று அவள் கேட்டாள்.

"வேண்டாம்" என்றார் வக்கீலம்மா.

நான்கு இடங்களில் எங்கே வேண்டுமானாலும் மனைவி மனு போடலாம். திருமணம் நடந்த ஊர். இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர். கணவன் இருக்கும் ஊர். மனைவி இப்போது குடியிருக்கும் ஊர். கடைசி இடம் 2003-ல் சட்டத்தில் சேர்ந்தது. பிறந்த வீட்டுக்கு வந்துவிட்ட பெண்களுக்கு இது பெரிய உதவி.

திருமணம் நடந்த ஊர் என்றதும் திருப்பதி நினைவுக்கு வரும். ஆந்திரா, தமிழ்நாடு, கர்நாடகம் என்று எங்கெங்கிருந்தோ வந்து திருமலையிலும் திருப்பதியிலும் தாலி கட்டுகிறார்கள். பிறகு ஊர் திரும்புகிறார்கள். அவர்களுக்கும் திருப்பதி நீதிமன்றத்தில் மனு போட வழி உண்டு. ஆனால் திருமணம் நடந்ததற்குச் சான்று வேண்டும். ஆந்திராவில் திருமணப் பதிவு கட்டாயம் என்று 2002-ல் சட்டம் வந்தது. கோயிலில் கட்டினாலும், மண்டபத்தில் கட்டினாலும் பதிவு செய்யுங்கள்.


"திரும்பி வா" என்று வழக்குப் போட்டால்?

அவளுக்கு ஒரு பயம் இருந்தது. "நான் ஜீவனாம்சம் கேட்டால், 'வந்து என்னோடு வாழ்' என்று அவன் கோர்ட்டுக்குப் போவானாம். போலீஸ் என்னை இழுத்துக்கொண்டு போகுமா அக்கா?"

இந்தப் பயம் பலருக்கும் இருக்கிறது. அப்படி ஒரு வழக்கு போட முடியும் என்பது உண்மை. இந்து திருமணச் சட்டம் 9-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. திருப்பதியோடு தொடர்புள்ள ஒரு பெரிய வழக்கே இதில் உண்டு.

சரிதா என்ற திரைப்பட நடிகை. 1975 டிசம்பர் 13 அன்று திருப்பதியில் அவருக்குத் திருமணம் நடந்ததாக வழக்கில் சொல்லப்பட்டது. அப்போது அவர் பள்ளியில் படித்த பெண். வயது சுமார் 16. உடனேயே இருவரும் பிரிந்துவிட்டார்கள். ஆண்டுகள் சில சென்றன. மனைவி தன்னோடு வந்து வாழ வேண்டும் என்று கணவர் கடப்பை நீதிமன்றத்தில் மனு போட்டார். அந்த வழக்கு ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றத்துக்கு வந்தது.

1983-ல் நீதிபதி பி. ஏ. சௌத்ரி தீர்ப்புச் சொன்னார். விருப்பம் இல்லாத பெண்ணை ஒருவருடன் வாழச் சொல்வது அவளுடைய உடலையும் மனத்தையும் அரசு கட்டாயப்படுத்துவது ஆகும் என்றார். 9-ஆம் பிரிவே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றார். நாடே திரும்பிப் பார்த்த தீர்ப்பு அது.

ஆனால் அடுத்த ஆண்டு, 1984-ல், வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் மாற்றிச் சொன்னது. அந்தப் பிரிவு செல்லும் என்றது. குடும்பம் உடையாமல் காக்க அது உதவும் என்றது. ஆகவே 9-ஆம் பிரிவு சட்டத்தில் நிலைத்தது.

அப்படியானால் இழுத்துக்கொண்டு போவார்களா? மாட்டார்கள். "சேர்ந்து வாழ்" என்ற ஆணையை மீறினால் சொத்தை ஜப்தி செய்யக் கேட்கலாம். ஆளைப் பிடித்துக்கொண்டு போய் வீட்டில் விட முடியாது. ஆணை வந்து ஒரு வருடம் சேராமல் இருந்தால், இருவரில் யாரும் விவாகரத்து கேட்கலாம்.

ஆணைப்படி போகாத மனைவிக்கு ஜீவனாம்சம் நின்றுவிடுமா? தானாக நிற்காது. போகாததற்குத் தக்க காரணம் இருந்தால் ஜீவனாம்சம் உண்டு என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. ஆனால் வழக்கு வந்தால் நீதிமன்றத்துக்குப் போகாமல் இருக்கக் கூடாது. போய், காரணத்தைச் சொல்ல வேண்டும்.

ஒரு காலத்தில் சிறையே இருந்தது. பம்பாயில் ருக்மாபாய் என்ற பெண்ணுக்குப் பதினொரு வயதில் திருமணம் செய்து வைத்தார்கள். வளர்ந்தபின் கணவனோடு வாழ அவர் மறுத்தார். கணவனிடம் போ, இல்லையென்றால் ஆறு மாதம் சிறை என்று 1887-ல் நீதிமன்றம் சொன்னது. சிறைக்குப் போகிறேன் என்றார் அவர். பிறகு பணம் கொடுத்து வழக்கு சமாதானமானது. ருக்மாபாய் லண்டன் போய் மருத்துவம் படித்தார். டாக்டராகத் திரும்பி வந்து சூரத்தில் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார்.


வழக்கு நடக்கும்போது சோற்றுக்கு வழி?

வழக்கு முடிய மாதங்கள் ஆகும். ஆண்டுகளும் ஆகலாம். அதுவரை எப்படி வாழ்வது? அதற்கும் சட்டம் வழி வைத்திருக்கிறது.

தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வழி இல்லாத மனைவி, மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் ஜீவனாம்சம் கேட்கலாம். குடும்ப நீதிமன்றம் உள்ள ஊரில் அங்கே கேட்கலாம். முன்பு இதை 125-ஆம் பிரிவு என்பார்கள். 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் இது 144-ஆம் பிரிவு. எந்த மதத்தவரும் கேட்கலாம். பிள்ளைகளுக்கும் கேட்கலாம். வயதான தாய் தந்தையரும் பிள்ளையிடம் கேட்கலாம். விவாகரத்து ஆன பெண்ணும், மறு திருமணம் செய்யும் வரை கேட்கலாம்.

மனு போட்ட நாளிலிருந்தே கணக்கிட்டு ஜீவனாம்சம் தர வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே நாளைத் தள்ளாதீர்கள்.

தாய் வீட்டார் போட்ட நகை, பாத்திரம், சீர் எல்லாம் பெண்ணுடைய சொத்து. கணவன் வீட்டில் இருந்தாலும் அவளுடையதுதான். திருப்பிக் கேட்கலாம்.

பிள்ளை யாரிடம் வளர்வது என்பதை நீதிபதி முடிவு செய்வார். தாய்க்கு என்ன வசதி, தந்தைக்கு என்ன வசதி என்று மட்டும் பார்க்க மாட்டார். பிள்ளைக்கு எது நல்லது என்பதைத்தான் பார்ப்பார்.

அடி உதை இருந்தால் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உண்டு. அடிக்கக் கூடாது என்று பாதுகாப்பு ஆணை கேட்கலாம். வீட்டை விட்டுத் துரத்தக் கூடாது என்று ஆணை கேட்கலாம். இதற்கு விவாகரத்து கேட்க வேண்டிய அவசியம் இல்லை.


தாலி கட்டாமல் சேர்ந்து வாழ்ந்தால்?

திருமணம் நடக்கவில்லை என்றால் விவாகரத்தும் தேவை இல்லை. பிரிந்து போகலாம். ஆனால் உரிமை ஒன்றுமே இல்லை என்று நினைக்காதீர்கள். கணவன் மனைவி போலவே நெடுநாள் ஒரே வீட்டில் வாழ்ந்த பெண்ணுக்கும் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உதவும். அதற்கு என்னென்ன தகுதி வேண்டும் என்று கோயம்புத்தூரிலிருந்து போன ஒரு வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. இருவருக்கும் திருமண வயது ஆகியிருக்க வேண்டும். இருவரும் திருமணம் செய்யத் தடை இல்லாதவர்களாக இருக்க வேண்டும். ஊர் அறிய ஒன்றாக வாழ்ந்திருக்க வேண்டும்.

பிறந்த குழந்தை மேல் எந்தக் குறையும் இல்லை. அதற்குத் தந்தையிடம் ஜீவனாம்சம் கேட்கும் உரிமை உண்டு.


மற்ற மதத்தவருக்கு

முஸ்லிம் பெண்: 1939-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றத்தில் விவாகரத்து கேட்கலாம். கணவன் இரண்டு ஆண்டு காப்பாற்றாமல் விட்டால் அதுவே காரணம் ஆகும். மனைவி கேட்டுப் பெறும் குலா என்ற முறையும் உண்டு. ஒரே மூச்சில் மூன்று தலாக் சொல்வது செல்லாது என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019-ல் அது குற்றம் ஆனது. மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

கிறிஸ்தவர்: 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம் பொருந்தும். வெகு காலம் அதில் மனைவிக்கு வழி குறுகலாக இருந்தது. 2001-ல் திருத்தினார்கள். கணவனுக்கு உள்ள காரணங்கள் மனைவிக்கும் வந்தன. இருவரும் சேர்ந்து கேட்கும் வழியும் வந்தது.

பதிவுத் திருமணம்: 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணந்தவர்களுக்கு அந்தச் சட்டத்திலேயே விவாகரத்துக்கு வழி உண்டு.


யாரிடம் போவது?

"வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே அம்மா" என்றாள் அவள்.

"பெண்களுக்குக் காசில்லாமல் வக்கீல் கிடைக்கும். சட்டமே அப்படி" என்றார் வக்கீலம்மா.

உண்மைதான். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் சட்டப்படி எந்தப் பெண்ணும் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கும் அப்படியே. மற்ற ஏழை ஆண்களுக்கு வருமான வரம்பு உண்டு.

மாவட்ட நீதிமன்றத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையம் இருக்கிறது. தெலுங்கில் நியாய சேவாதிகார சம்ஸ்தா என்று பலகை இருக்கும். மண்டல நீதிமன்றம் உள்ள ஊர்களில் மண்டலக் குழு இருக்கிறது. போகும் முன் போனிலும் கேட்கலாம்.

சட்ட உதவி: 15100
பெண்கள் உதவி: 181
அவசர ஆபத்து: 112


அவள் எடுத்த முடிவு

மூன்றாம் நாள். ரச்சபண்டாவில் மறுபடி கூட்டம். அவள் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இதில் கையெழுத்துப் போட மாட்டேன் பெரியப்பா."

"அவனோடு வாழவும் போவதில்லை. இதையும் வேண்டாம் என்கிறாய். பிறகு என்னதான் செய்யப் போகிறாய்?"

"எனக்கும் பையனுக்கும் ஜீவனாம்சம் கேட்டு மனு எழுதியாயிற்று. விவாகரத்தை அப்புறம் யோசிப்பேன். வேண்டும் என்றால் கோர்ட்டில் கேட்பேன். அங்கே கொடுக்கும் தாள்தான் செல்லும்."

பெரியவர்கள் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து ஒருவர் கேட்டார்.

"நாங்கள் சொன்னது தப்பா அம்மா?"

"நீங்கள் நல்லது நினைத்துத்தான் சொன்னீர்கள் பெரியப்பா. தாள்தான் தப்பு."

அவள் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வழக்கு உடனே முடியாது என்று அவளுக்குத் தெரியும். வாய்தாவுக்கு வாய்தா நடக்க வேண்டும். கூலி போகும். ஆனால் பையனின் சோற்றை எழுதிக் கொடுத்துவிட்டோமே என்று இனி அழ வேண்டியதில்லை.


நினைவில் வையுங்கள்

படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தெரியாத மொழியில் இருந்தால், நம்பிக்கையானவரைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வெற்றுத் தாளில் எப்போதும் கையெழுத்து வேண்டாம்.

திருமண அழைப்பிதழ், புகைப்படம், ரேஷன் கார்டு, பிள்ளையின் பிறப்புச் சான்று, மருத்துவச் சீட்டு ஆகியவற்றைப் பத்திரமாக வையுங்கள். நகல் எடுத்து இன்னொரு வீட்டில் வையுங்கள்.

தீர்ப்பாணை வந்தபின் மேல்முறையீட்டுக்கு 90 நாள் உண்டு. அது முடியும் முன் மறு திருமணம் வேண்டாம்.


சொல்லும் பொருளும்

ஜீவனாம்சம் – பிழைப்புக்குத் தரும் பணம்
தீர்ப்பாணை – நீதிமன்றம் எழுதித் தரும் முடிவு
ஜப்தி – சொத்தை நீதிமன்றம் கைப்பற்றுதல்
வாய்தா – வழக்குக்குக் குறித்த தேதி
பாத்தியம் – உரிமை


சரியா, தவறா?

1. நோட்டரி கையெழுத்துப் போட்டால் விவாகரத்து ஆகிவிடும்.
2. மனைவி தான் இருக்கும் ஊரிலேயே விவாகரத்து மனு போடலாம்.
3. பணக்காரப் பெண்ணுக்கு இலவசச் சட்ட உதவி கிடையாது.
4. நீதிமன்றப் பிரிவு கிடைத்தால் மறு திருமணம் செய்யலாம்.

(விடை: 1 தவறு. 2 சரி. 3 தவறு. 4 தவறு.)


எழுதிப் பாருங்கள்

கீழே ஒரு விண்ணப்பம் இருக்கிறது. கோடிட்ட இடங்களை நிரப்புங்கள்.

செயலாளர் அவர்களுக்கு,
மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையம், ____________.

ஐயா / அம்மா,
என் பெயர் ____________. என் ஊர் ____________. எனக்கு ____________ ஆண்டில் ____________ ஊரில் திருமணம் நடந்தது. எனக்குப் பிள்ளைகள் ____ பேர். என் குறை இது: ____________________. எனக்கு இலவசமாக வக்கீல் உதவி வேண்டும்.

நாள்: ____________
கையெழுத்து: ____________


கலந்து பேசுங்கள்

உங்கள் ஊரில் இப்படி முத்திரைத் தாளில் எழுதி வாங்கியது உண்டா? அந்தப் பெண்ணும் பிள்ளைகளும் இப்போது எப்படி வாழ்கிறார்கள்? ஊர்ப் பெரியவர்கள் எதைச் செய்யலாம்? எதைச் செய்யக் கூடாது?